பன்னிரண்டாவது மணியின் ரத்தம்

காலை எட்டே முக்கால். லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை பார்க்க வந்தவர்கள். வெறும் வயிறு, வாடிய முகம், சிலர் கையில் காபி பிளாஸ்க். அவர்களுக்கு நடுவே சில மாதங்களுக்கு ஒரு முறை எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். காலை மாத்திரையை மட்டும் போட்டிருக்க மாட்டார். அது காகிதத்தில் மடித்துக் கைப்பையில் இருக்கும். ரத்தம் எடுக்கும் பையனிடம் அவரே முந்திக்கொண்டு சொல்வார்: "ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டேன் தம்பி. ஒன்பது அடிக்கட்டும், அப்புறம் எடுங்க."

அந்தப் பையனும் பழகிவிட்டான். "இன்னும் கால் மணி நேரம் இருக்கு, உட்காருங்க டீச்சர்" என்று அடுத்தவரைக் கூப்பிடுவான்.

சாயங்காலம் வரும் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி. சீரம் லித்தியம்: 0.7. டீச்சருக்கு இருமுனை மனநோய். இளம் வயதில் இரண்டு முறை மருத்துவமனையில் இருந்தவர். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தினார், மகளுக்குக் கல்யாணம் செய்தார், பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். அவர் குடும்பத்தில் ஆரம்ப காலத்தில் எல்லோரும் கேட்ட கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன்: மனசுக்கு வந்த வியாதிக்கு ரத்தத்தில் என்ன தேடுகிறார்கள்?

நோயைத் தேடவில்லை. அது எந்த ரத்தக் குழாயிலும் தென்படாது. அவர்கள் தேடுவது ஓர் உப்பை, அதுவும் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும். 0.7 என்பது ஒரு லிட்டர் சீரத்தில் 0.7 மில்லிமோல் லித்தியம், எடையில் ஐந்து மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதே ஒரு லிட்டரில் சோடியம் சுமார் 140 மில்லிமோல் இருக்கிறது என்பதை நினைத்தால் இது எவ்வளவு சொற்பம் என்பது விளங்கும். பெரும்பாலானவர்களுக்கு 0.6க்கும் 1.0க்கும் இடையில் இருந்தால் மருந்து வேலை செய்யும். 0.4க்கு இறங்கினால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடும். 1.5ஐத் தாண்டினால் உடலுக்கு நஞ்சு. 2.5க்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே லிட்டருக்கு ஐந்தாறு மில்லிகிராம்தான் இடைவெளி. அந்தக் குறுகிய வரப்பின் மேல் ஒரு மனிதர் இருபது வருஷம் விழாமல் நடந்திருக்கிறார் என்றால், ரத்தத்தில் அந்த எண்ணைப் பார்க்கும் வழியை யாரோ கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வழி கிடைப்பதற்குள் உயிர்கள் போயின.

லித்தியம் மனிதன் உருவாக்கிய மருந்து அல்ல. அது ஒரு தனிமம். உலோகங்களிலேயே எடை குறைந்தது. 1817இல் ஸ்வீடன் நாட்டின் யோஹன் ஆகஸ்ட் அர்ஃப்வெட்சன், உட்டோ தீவில் கிடைத்த ஒரு கனிமத்தில் அதைக் கண்டார். கல்லிலிருந்து வந்ததால் கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே பெயராக வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை மூட்டுவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். யூரிக் அமிலம் லித்தியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் நன்றாகக் கரையும், அதுதான் காரணம். 1929இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செவன் அப் பானத்தில்கூட 1940களின் கடைசி வரை லித்தியம் சிட்ரேட் இருந்தது.

மனநோய்க்கு அது வந்து சேர்ந்த கதை மெல்போர்ன் நகரத்தின் ஓரத்தில், பண்டூரா என்ற இடத்தில் நடந்தது. ஜான் கேட் அங்கே போர்வீரர்களுக்கான மனநல மருத்துவமனையில் டாக்டர். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது சிறைபிடிக்கப்பட்டு, மூன்றரை ஆண்டுகள் சாங்கி முகாமில் கிடந்தவர். சத்துக் குறைவால் உடன் இருந்தவர்களின் உடல் மட்டுமா கெட்டது? புத்தியும் தடுமாறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். மனநோய்க்கு உடம்பில் வேர் இருக்கிறது என்ற எண்ணம் அங்கே அவருக்கு வலுப்பட்டது. ஊர் திரும்பியதும், வார்டில் பயன்படாமல் கிடந்த ஒரு சமையலறையைச் சோதனைக்கூடமாக்கிக்கொண்டார். நோயாளிகளின் சிறுநீர் அடங்கிய ஜாடிகள் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் சாப்பாட்டுப் பண்டங்களோடு இருந்தன.

மேனியா என்ற கட்டுக்கடங்காத மனவெழுச்சியில் இருப்பவர்களின் உடலில் ஏதோ ஒரு பொருள் அதிகமாகி, சிறுநீரில் வெளியேறுகிறது என்பது அவர் ஊகம். அந்தச் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். யூரிக் அமிலத்தின் மீது சந்தேகம் வந்தது. அதைக் கரைக்க வசதியான உப்பு வேண்டும் என்றுதான் லித்தியத்தை எடுத்தார். லித்தியம் செலுத்திய கினிப் பன்றிகள் இரண்டு மணி நேரத்தில் அடங்கிப்போய், மல்லாக்கப் போட்டாலும் புரளாமல் அமைதியாகக் கிடந்தன. அவர் ஊகம் தவறு என்று இன்று தெரியும். அந்த விலங்குகள் லித்தியம் அதிகமாகிச் சோர்ந்து கிடந்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் கேட் ஒரு நேர்மையான காரியம் செய்தார். நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் அதைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார்.

1948 மார்ச் 29. ஐந்து ஆண்டுகளாக மேனியாவில் இருந்து மீளாத ஐம்பத்தொரு வயதுக்காரர் ஒருவருக்கு முதல் முறையாகக் கொடுத்தார். ஓயாத பேச்சு, ஓயாத நடை, கையில் கிடைத்ததை உடைப்பது என்று வார்டையே அலைக்கழித்தவர் அவர். சில வாரங்களில் நிதானமானார். ஜூலையில் வீட்டுக்குப் போனார். பழைய வேலையிலும் சேர்ந்தார். 1949 செப்டம்பர் 3ஆம் தேதி வெளிவந்த ஆஸ்திரேலிய மருத்துவ இதழில், மேனியாவில் இருந்த பத்துப் பேருக்கு லித்தியம் கொடுத்த விவரத்தைக் கேட் எழுதினார். அதில் முதல் ஆள் இவர்தான்.

அந்த முதல் ஆளின் முடிவைச் சொல்லாமல் பலர் இந்தக் கதையை எழுதுகிறார்கள். அது நியாயமில்லை. வீட்டுக்குப் போனவர் மருந்தை நிறுத்தினார், நோய் திரும்பியது, மீண்டும் சேர்த்தார்கள், மீண்டும் லித்தியம் கொடுத்தார்கள். எவ்வளவு கொடுப்பது என்பதற்கு அன்று கண்ணால் பார்க்கும் அடையாளங்களைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. வாந்தி எடுத்தால், கை நடுங்கினால் குறைக்க வேண்டும். நோய் தலைகாட்டினால் கூட்ட வேண்டும். 1950 மே மாதம் அவர் லித்தியம் நச்சால் இறந்தார். கேட் தன் மருத்துவமனையில் லித்தியம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்.

கேட்டின் கட்டுரை வந்த அதே 1949இல் அமெரிக்காவிலும் லித்தியத்தால் சாவுகள். இதய நோயாளிகளுக்குச் சாதாரண உப்பு ஆகாது என்பதால், அதற்குப் பதிலாக லித்தியம் குளோரைடைச் சாப்பாட்டில் தூவிக்கொள்ளும்படி விற்றார்கள். உப்பில்லாமல் சாப்பிடும் உடல், லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது தெரியாமல் செய்த காரியம். அரசு தலையிட்டு விற்பனையை நிறுத்தியது. அதற்குப் பிறகு அந்த நாட்டு டாக்டர்கள் லித்தியம் என்ற பெயரைக் கேட்டாலே பின்வாங்கினார்கள்.

இந்த மருந்தைக் காப்பாற்றியது ஒரு சுடர். உப்புப் போட்ட ரசம் பொங்கி காஸ் அடுப்பில் வழியும்போது கவனித்திருப்பீர்கள்: நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாக எரியும். சோடியத்தின் மஞ்சள் அது. ஒவ்வொரு உலோகத்துக்கும் நெருப்பில் ஒரு நிறம் உண்டு. மத்தாப்பின் சிவப்பு ஸ்ட்ரான்ஷியம் தருவது. லித்தியமும் சிவப்புத்தான், குங்குமத்தை நினைவூட்டும் ஆழ்ந்த சிவப்பு. சுடர் ஒளிமானி என்ற கருவியின் வேலை இவ்வளவுதான்: ரத்தத்தை உறையவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை எடுத்துத் தண்ணீரில் கலக்க வேண்டும். மெல்லிய குழாய் அதை உறிஞ்சி, பனிபோல் நெருப்புக்குள் தெளிக்கும். சோடியம் கண்கூச மஞ்சளாக எரியும். அந்த மஞ்சளை ஒரு வடிகட்டிக் கண்ணாடி மறித்துவிட்டு, 671 நானோமீட்டர் அலைநீளம் உள்ள சிவப்பை மட்டும் உள்ளே விடும். அந்தச் சிவப்பு எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு லித்தியம்.

எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு. ஒரு மனிதரின் தூக்கம், பேச்சின் வேகம், கடன் வாங்கிச் செலவழிக்கும் வெறி, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் இருட்டு, இத்தனையையும் சமன்படுத்தும் பொருளின் அளவு ஒரு சிறு சுடரின் நிறத்தில் எரிந்து தெரிகிறது.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்த, ஜெர்மனியில் பிறந்த எட்வர்ட் டிராவுட்னர் அந்தக் கருவியால் நோயாளிகளின் ரத்தத்தில் லித்தியத்தை அளந்தார். 1951இல் அவரும் சார்லஸ் நோவாக்கும் நூறு பேருக்கும் மேல் லித்தியம் கொடுத்த விவரத்தை வெளியிட்டார்கள். ஒருவரும் சாகவில்லை. கேட்டின் முதல் நோயாளி இறந்து அப்போது ஓராண்டு சொச்சம்தான் ஆகியிருந்தது. இரண்டும் நடந்தது ஒரே ஊரில். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கனக்கிறது.

டென்மார்க்கில் மோகென்ஸ் ஸ்கௌ அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். அவர் சகோதரருக்கு அடிக்கடி வந்துபோகும் மனச்சோர்வு இருந்ததால், இது அவருக்கு வெறும் ஆராய்ச்சி இல்லை. 1954இல் ஸ்கௌவும் சகாக்களும் 38 பேருக்கு லித்தியம் கொடுத்து, ரத்த அளவையும் கண்காணித்து, முறையான ஆய்வாக வெளியிட்டார்கள். பிறகு பவுல் பாஸ்ட்ரப்போடு சேர்ந்து, வந்த நோயைத் தணிப்பதோடு இனி வரப்போவதையும் லித்தியம் தடுக்கிறது என்று காட்டினார். லண்டனில் பெரிய மனிதர்கள் அதைக் கட்டுக்கதை என்றார்கள். ஸ்கௌ விடவில்லை. அமெரிக்கா 1970இல் அனுமதித்தது. தற்கொலையைக் குறைப்பதற்கு மிக வலுவான சான்று உள்ள மருந்துகளில் ஒன்றாக லித்தியம் இன்றும் நிற்கிறது.

டீச்சரின் ஒன்பது மணிக்கு வருவோம். மாத்திரை போட்டதும் ரத்தத்தில் லித்தியம் மேலே ஏறும், பிறகு மெல்ல மெல்லத் திசுக்களுக்குள் போய் அடங்கும். போட்ட இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் ஓர் எண், பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் வேறு எண். உலகம் முழுக்க டாக்டர்கள் பேசும் 0.6, 0.8 எல்லாம் பன்னிரண்டாவது மணி நேரத்து எண்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேரே லேப்புக்குப் போனால் ரிப்போர்ட் 1.3 என்று பயமுறுத்தும். டாக்டர் அளவைக் குறைப்பார். இரண்டு மாதம் கழித்து நோய் வாசலில் நிற்கும். மாத்திரை அளவை மாற்றினால் ஐந்தாறு நாள் பொறுத்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். அதற்குள் புதிய அளவு நிலைப்படாது.

ரத்தம் எடுக்கும் குழாயிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லேப் மேஜையில் நிறம் நிறமாக மூடி போட்ட குழாய்கள் அடுக்கியிருப்பார்களே, அவற்றில் பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் தடவியிருக்கும். பல நேரம் அது லித்தியம் ஹெப்பாரின். அதில் எடுத்தால், ஒரு லித்தியம் மாத்திரைகூடச் சாப்பிடாதவர் ரத்தத்திலும் நச்சு அளவுக்கு லித்தியம் இருப்பதாகக் காட்டும். டீச்சர் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார். மூடியின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் கையை நீட்டுவார்.

இனி சிறுநீரகம். லித்தியத்தைக் கல்லீரல் உடைப்பதில்லை. உடைக்க அதில் ஒன்றும் இல்லை, அது தனிமம். வந்த வழியே சிறுநீரில் போக வேண்டும். சிறுநீரகத்துக்கோ சோடியத்தையும் லித்தியத்தையும் அவ்வளவாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடம்பில் உப்பும் தண்ணீரும் போதுமான அளவு இருந்தால் இரண்டையும் தாராளமாக விடும். வியர்த்துக் கொட்டியோ, வயிற்றுப்போக்கிலோ உப்பு குறைந்தால் "ஒரு சிட்டிகை சோடியம்கூடப் போகக் கூடாது" என்று இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடியில் லித்தியமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். மாத்திரை அளவு மாறாமலே ரத்த அளவு ஏறும். 1949இல் உப்புக்குப் பதில் லித்தியத்தைத் தூவிக்கொண்ட இதய நோயாளிகளுக்கு நடந்ததும் இதுதான்.

டீச்சர் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். தேதி, எண், பக்கத்தில் ஒரு குறிப்பு. பெரும்பாலும் 0.7, 0.8 என்று ஒரே சீராகப் போகிற பத்தியில் ஒரு மே மாதம் மட்டும் 1.2. பக்கத்தில் அவர் முத்து முத்தான கையெழுத்தில்: "அக்னி நட்சத்திரம். கல்யாண வீடு. இரண்டு நாள் பேதி. முட்டிவலி மாத்திரை." நான்கும் சேர்ந்து வந்திருக்கின்றன. மெடிக்கலில் கேட்டவுடன் கிடைக்கும் டைக்ளோஃபினாக், ஐபூப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில், லோசார்டன் வகை மாத்திரைகளும், தயசைடு வகை நீர் மாத்திரைகளும் அப்படியே. பிரஷருக்காக ஒரே நாளில் உப்பை நிறுத்துவதும் ஆபத்து. இந்த மாத்திரைகளை எழுதும் டாக்டருக்கும் விற்கும் கடைக்காரருக்கும் "நான் லித்தியம் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். கை நடுக்கம் பெரிதாகி, நடை தள்ளாடி, நாக்கு குழறி, வாந்தியும் பேதியுமாக வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது இங்கே கூடாது.

அந்த நோட்டின் இன்னொரு பக்கம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. லித்தியம் தொடங்கி எட்டாவது வருஷம் அவருக்குப் பழைய சோர்வு திரும்பியது போல் இருந்தது. காலையில் எழ முடியவில்லை. முடி கொட்டியது, எடை ஏறியது, எதிலும் பிடிப்பில்லை. வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். மனச்சோர்வுக்கு இன்னொரு மாத்திரை கேட்கத்தான் போனார். டாக்டர் முதலில் தைராய்டு பார்க்கச் சொன்னார். தைராய்டு மந்தமானால் கூடும் டிஎஸ்எச் எகிறியிருந்தது. லித்தியம் தைராய்டுச் சுரப்பியைச் சிலருக்கு மந்தமாக்கும். தினம் ஒரு சின்ன தைராக்சின் மாத்திரை சேர்த்தார்கள். மூன்றே மாதத்தில் டீச்சர் பழைய டீச்சர் ஆனார். லித்தியத்தை நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

இதை அவர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து பழைய தேதிகளைப் புரட்டினேன். கேட்டின் கட்டுரை வந்தது 1949 செப்டம்பர் 3. சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 10ஆம் தேதி, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவரின் கட்டுரை வந்தது. பித்துப் பிடித்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பதினான்கு பேர். ஊதிய முகம், கரகரத்த குரல், குளிர் தாங்காத உடம்பு. அவர்களுக்குத் தைராய்டுச் சுரப்பி வேலை செய்யவில்லை என்று கண்டு, தைராய்டுச் சாறு கொடுத்தார். பலர் தெளிந்து எழுந்தார்கள். உலகத்தின் இரு மூலைகளில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு டாக்டர்கள், ஏழு நாள் இடைவெளியில் எழுதியவை அந்த இரு கட்டுரைகள். ஒருவர் தந்த மருந்து, இன்னொருவர் விவரித்த நோயைக் கொண்டுவரக்கூடும் என்று அன்று யாருக்குத் தெரியும்? இரண்டு கட்டுரைகளும் அரை நூற்றாண்டு கழித்து ஒரு தமிழ்ப் பெண்ணின் நாற்பது பக்க நோட்டில் வந்து சந்தித்திருக்கின்றன.

லித்தியம் சாப்பிடுபவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டும், சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினினும், கால்சியமும் பார்க்கச் சொல்வது இதனால்தான். மனநோய்க்குக் கொடுக்கும் மற்ற மருந்துகளுக்கும் இப்படிப் பரிசோதனைகள் உண்டு. வால்புரோவேட் என்றால் கல்லீரலும் தட்டணுக்களும். ஓலான்சபின் போன்றவற்றுக்குச் சர்க்கரை, கொழுப்பு, கூடவே இடுப்புச் சுற்றளவு. அந்த மருந்து பசியைக் கூட்டி எடையை ஏற்றிவிடும் என்பதால் தையற்காரர் நாடாவும் ஒரு பரிசோதனைக் கருவிதான்.

மனநோய் முதல் முறையாக வந்தவருக்கும் ரத்தம் எடுப்பது உண்டு. அங்கே தேடுவது வேடம் போட்டு வந்திருக்கும் வேறு நோய்களை: தைராய்டு, பி12 குறைவு, கால்சியம், சோடியம், கிருமித் தொற்று. நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் மனநல விடுதிகளில் ஏராளமானோர் அறிவு மழுங்கி, கை கால் விழுந்து இறந்துகொண்டிருந்தார்கள். 1913இல் நொகுச்சியும் மூரும் அப்படி இறந்தவர்களின் மூளையில் மேகநோய்க் கிருமியைக் கண்டார்கள். பென்சிலின் வந்த பிறகு அந்த வார்டுகள் காலியாயின. 2007இல் ஹோசப் டால்மாவ் குழுவினர், இளம் பெண்களுக்குத் திடீரென்று வரும் பித்தில் ஒரு வகைக்கு மூளையின் ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்பொருள்களே காரணம் என்று காட்டினார்கள். ஒரு நோய்க்கு லேப்பில் விடை கிடைத்ததும் அது மனநலத் துறையை விட்டு நரம்பியலுக்கோ வேறு எங்கோ குடிபோய்விடுகிறது. மிஞ்சி நிற்பவை விடை கிடைக்காதவை. மனச்சிதைவுக்கோ இருமுனை நோய்க்கோ மனச்சோர்வுக்கோ இதுதான் என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. 1980களில் மனச்சோர்வைக் கண்டறிய டெக்ஸாமெத்தசோன் கொடுத்துக் கார்ட்டிசால் பார்க்கும் பரிசோதனை மீது பெரிய நம்பிக்கை வைத்தார்கள். மறதி நோயிலும், எடை குறைந்தவர்களிடமும், குடியை விட்டவர்களிடமும் அதே விடை வந்ததால் நம்பிக்கை தளர்ந்தது. மனச்சோர்வை ரத்தத்தில் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உட்கார்ந்து கேட்கிற டாக்டருக்கு மாற்று இல்லை.

ரத்தப் பரிசோதனை ஒரு மருந்தைச் சாவிலிருந்து மீட்டது லித்தியத்தோடு முடியவில்லை. க்ளோசபின் கதை இன்னும் கடுமையானது. மற்ற மருந்துகள் தோற்ற மனச்சிதைவுக்கு இன்றும் அதுதான் கதி. 1975இல் பின்லாந்தில் அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு எலும்பு மஜ்ஜை வெள்ளை அணுக்களை உருவாக்குவதை நிறுத்திவிட்டது. கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் இல்லாத உடம்பில் ஒரு தொண்டை வலியே எமனாகும். எட்டுப் பேர் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதனால் குரல்கள் அடங்கி, வருஷக்கணக்கில் பேசாத மகன் பேசியதைப் பார்த்த குடும்பங்கள் இருந்தன. 1988இல் ஜான் கேனும் சகாக்களும் எந்த மருந்துக்கும் மசியாதவர்களை எடுத்துச் சோதித்தார்கள். பழைய மருந்தில் தேறியவர்கள் 4 சதவீதம், க்ளோசபினில் 30. அடுத்த ஆண்டு அமெரிக்கா ஒரு நிபந்தனையோடு அனுமதித்தது. வாராவாரம் ரத்தம் கொடுக்க வேண்டும், வெள்ளை அணு சரியாக இருந்தால்தான் அந்த வார மாத்திரை. ரத்தம் இல்லையேல் மருந்து இல்லை. ஆபத்து முதல் சில மாதங்களில்தான் அதிகம் என்பதால் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மாதம் ஒரு முறை என்று தளர்த்தினார்கள்.

காவலுக்கு வைத்த அந்த எண்ணே சிலருக்குக் கதவை அடைத்தது. "இயல்பான" வெள்ளை அணு எண்ணிக்கை என்பது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து வகுத்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு நல்ல ஆரோக்கியத்திலேயே நியூட்ரோஃபில் குறைவாக இருக்கும். சிவப்பணுவின் மேலுள்ள டஃபி என்ற புரதம் அவர்களுக்கு இல்லாதது அதற்குக் காரணம். அந்தப் புரதத்தைப் பிடித்துத்தான் வைவாக்ஸ் மலேரியாக் கிருமி உள்ளே நுழையும். அது இல்லாதவர்களை அந்த மலேரியா எளிதில் தொடாது. எத்தனையோ தலைமுறைக்கு முன் காய்ச்சலிலிருந்து காத்த ஒரு மரபணு, அமெரிக்க நகரம் ஒன்றில் ஒரு கறுப்பின இளைஞரின் ரிப்போர்ட்டில் "குறைவு" என்று அச்சாகி, அவருக்கு வேண்டிய மருந்தைத் தடுத்தது. 2015இல்தான் அவர்களுக்குத் தனி வரம்பு வைத்தார்கள். ரத்த எண்ணைப் பதிவுசெய்தால்தான் மருந்து என்ற அந்தப் பதிவேட்டு முறையையே 2025இல் அமெரிக்கா விலக்கிக்கொண்டது. ரத்தம் பார்க்கும் பரிந்துரை தொடர்கிறது, ஆனால் எண் வரவில்லை என்பதற்காக மாத்திரையை மறுக்கும் கட்டாயம் போய்விட்டது. எனக்கு அதில் நிம்மதி. ஒரு வாரம் பஸ் கிடைக்காமல் லேப்புக்கு வர முடியாதவரின் மருந்தை வெட்டிவிடுவது காவல் ஆகாது.

பரிசோதனைக்கு வருபவர்களின் சிரமத்தை நாம் பேசுவதே இல்லை. அரை நாள் கூலி, இரண்டு பஸ், வரிசை, நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தும் ஊசி. இதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் செய்பவர்களைத்தான் "மருந்தை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள்" என்று ஊர் எளிதாகச் சொல்லிவிடுகிறது.

ஒன்பது அடித்தது. பையன் கூப்பிட்டான். டீச்சர் மூடியின் நிறத்தைப் பார்த்தார், சிவப்பு. கையை நீட்டினார். குழாய் நிறைந்ததும் பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்தியபடி வெளியே வந்து, மறு கையால் கைப்பையைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து மாத்திரையை வாயில் போட்டு, என் பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தார். பேரனுக்கு அன்று கணக்குப் பரீட்சை. "பின்னம் மட்டும் கொஞ்சம் தடுமாறுவான்" என்று சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.